பிளானில் இல்லாத ஆறாவது பேப்பர்

செந்தில் அண்ணா, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு டிகிரி படிக்க வழி சொல்லும் யோக்கியதை உனக்கு இல்லை. இதை உன் முகத்துக்கு நேராகவே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் நீ சிரித்துவிட்டு, "மலருக்கு ஒரு டீ சொல்லுடா" என்றாய். நானும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அது என் தப்பு. அதனால் இந்த முறை எழுதுகிறேன். எழுத்துக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்ப முடியாது.

படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். செந்தில் என் பெரியப்பா மகன். செஞ்சி கூட்ரோட்டில் இப்போது ஒரு பேனர் தொங்குகிறது. அதில் கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவன்தான். 'பட்டப்படிப்பு: முதல் நாளிலிருந்து பட்டம் வரை திட்டமிடுவது எப்படி?' என்று மேலே எழுதியிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அவன் பேசப்போகிறான். பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "இன்னாம்மா, பல்லு வலியா?" என்று கேட்டார். (நான் பல்லைக் கடித்த சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.)

அவன் முதன்முதலில் பிளான் போட்டுக் கொடுத்த பிள்ளை நான்தான்.

எங்கள் ஊர் தொண்டூர். எங்கள் வகையறாவில் முதலில் டிகிரி வாங்கியது செந்தில். பி.ஏ. சமூகவியல். இரண்டு வருஷம் கழித்து அதே காலேஜில் அதே படிப்பில் நான் சேர்ந்தேன். சமூகவியல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. நைனாவுக்கும் தெரியாது. "செந்திலு படிச்சான் இல்ல, அதையே நீயும் படி" என்றார். நிலத்தில் பக்கத்துக் கொல்லைக்காரர் என்ன விதைக்கிறாரோ அதையே தானும் விதைக்கிறவர் அவர்.

காலேஜ் திறப்பதற்கு முதல் நாள் செந்தில் வீட்டுக்கு வந்தான். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் முடிந்துபோன ஒரு தாளைக் கிழித்தான். அதன் வெள்ளைப் பக்கத்தில் ஆறு கட்டம் போட்டான். ஒரு கட்டத்துக்கு ஒரு செமஸ்டர்.

"மூணு வருஷம், ஆறு செமஸ்டரு. இத மட்டும் பாரு. வேற எவன் பேச்சையும் கேக்காத."

அந்தத் தாளில் இருந்ததில் பாதி இன்னும் எனக்கு மனப்பாடம். 'முதல் செம்: அஞ்சு பேப்பர். ஈஸி. இரண்டாவது செம்: அஞ்சு பேப்பர். சனிக்கிழமை வகுப்பு சும்மா, போகவேண்டாம். நாலாவது செம்: புள்ளியியல் இருக்கும். கோயிலுக்கு வேண்டிக்கொள். ஐந்தாவது செம்: கள ஆய்வு. சொந்த ஊரையே எடு, அலையாதே. ஆறாவது செம்: குரூப் போட்டோ. டிகிரி.' டிகிரி என்ற வார்த்தையைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றிப் பூ.

நான் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக இறங்க மாட்டேன். மைதா மாவைக் காய்ச்சி, அதில் மயில்துத்தம் கலந்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் காய்ச்சுவது மாதிரி பசை செய்தேன். தாளின் முதுகு முழுக்கத் தடவி, என் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டினேன். பூச்சி அரிக்காது, மழைக் காற்றுக்குப் பிரியாது. "நல்லா ஒட்டிக்கிச்சு" என்று நைனா தட்டிப் பார்த்தார். இந்தப் பசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலேஜில் முதல் நாள் ஒரு கையேடு கொடுத்தார்கள். எந்த வருஷம் எந்தப் பேப்பர், எதில் தேறினால் பட்டம் என்று எல்லாம் அச்சடித்திருந்த புத்தகம். எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு ஒரு கால் குட்டை. அளவு எடுத்த மாதிரி இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. டிவி ஆடுவதில்லை.

ஆபீசில் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். முதல் வாரமே பஸ் பாஸ் படிவத்துக்காக அந்தக் கவுண்டருக்குப் போனேன். மூன்று நாளும் "நாளைக்கு வா" என்றார் அங்கே இருந்தவர். மூன்றாவது நாள், "நாளைக்கும் இதே சேர்லதான் சார் குந்தினு இருப்பீங்களா, இல்ல எழுந்து வேலை பாப்பீங்களா?" என்று கேட்டேன். மத்தியானம் வரை என்னை வெயிலில் நிற்க வைத்தார். இனி செத்தாலும் இந்தக் கவுண்டர் பக்கம் வரமாட்டேன் என்று அங்கேயே சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வருஷம் அந்தச் சபதத்தைக் காப்பாற்றினேன். (வேறு எதையும் நான் இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியதில்லை.)

இதெல்லாம் என் தலையோடு போயிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. தேவி இருக்கிறாளே.

தேவி அனந்தபுரத்துப் பெண், என்னோடு ஒரே வகுப்பு. அப்பா இல்லை. அம்மா கூலி வேலை. வீட்டில் எல்லா முடிவும் அவளுடைய தாய்மாமன்தான். அவள் படிக்க வந்ததே ஒரு பேச்சுவார்த்தைக்குப் பிறகு. "மூணு வருஷம். அதுக்கு மேல ஒருநாள் கிடையாது. டிகிரியோட வந்தா மேல படிக்கறதப் பத்திப் பேசலாம். இல்லன்னா கல்யாணம்" என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் தேவிக்கு ஒரு பேப்பர்கூட நிற்கக் கூடாது. நான் அவளிடம், "கவலைப்படாதடி, என்கிட்ட பிளான் இருக்குது" என்றேன். தாளைப் போனில் படம் பிடித்துக் காட்டினேன். அவள் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிக்கொண்டாள். பூவையும் சேர்த்து.

சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போகாமல் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை ஏறினோம். பாதி மலையில் நிழலாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவோம். அந்தச் சனிக்கிழமை வகுப்பு சுற்றுச்சூழல் கல்வி. நாங்கள் சுற்றுச்சூழலில்தான் இருந்தோம், படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது செமஸ்டர் ஹால் டிக்கெட் வந்தது. தேவி எண்ணிப் பார்த்தாள்.

"மலரு, இன்னாடி இதுல ஆறு பேப்பர் போட்டிருக்குது?"

"பிளான்ல அஞ்சுதான இருக்குது."

"அதான் கேக்கறேன்."

"அப்போ ஹால் டிக்கெட்ட தப்பா அடிச்சிருக்கானுங்க."

இதை நான் சொன்னேன். விளையாட்டுக்கு இல்லை. ஒரு காலண்டர் தாள் சரி, பல்கலைக்கழகம் தப்பு என்று முழு மனதோடு நம்பிச் சொன்னேன். தேவி ஹால் டிக்கெட்டை மறுபடியும் எண்ணினாள். "ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுறலாமா?" என்றாள். "அந்த ஆளு மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். நீயும் போகாத, உன்னையும் நிக்க வெப்பான்" என்றேன். ஆறாவது பரீட்சை நடந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் மலைமேல் இருந்தோம்.

மார்க் ஷீட் வந்தது. அதில் அந்தப் பேப்பருக்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது. தேவி மறுபடியும் கேட்டாள். "எழுதாத பேப்பர அவனே சேர்ப்பான், அவனே வரலன்னு போடுவான். கடைசில அவனே திருத்துவான்" என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள். இன்று வேலை பார்க்கிற உதவி மையத்தில் ஒரு கேஸ் பதியக்கூட நான்கு முறை சரிபார்க்கிறேன்.

இரண்டாம் வருஷம், 'மக்கள் மரபைக் கேள்வி கேட்காமல் பின்பற்றுவது ஏன்?' என்று ஒரு பதினைந்து மார்க் கேள்வி. நான் எழுதிய பதிலைத் துறைத் தலைவி மேடம் வகுப்பில் வாசித்துக் காட்டினார். எங்கள் ஊர்க்காரர்களைக் கிழித்திருந்தேன். 'தாத்தா செய்தார் என்பதற்காகச் செய்கிறார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.' அன்று மாலை வீட்டுக்கு வந்து, செந்தில் எழுதிய தாளில் சிவப்புப் பேனாவால் இன்னொரு டிக் போட்டேன்.

கடைசிப் பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வருவதற்கு முன்பே நைனா பேனர் அடித்துவிட்டார். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில், இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, பத்தடி அகலம். 'எங்கள் குலத்தின் முதல் பெண் பட்டதாரி செல்வி மலர்விழி பி.ஏ.' பிளக்ஸ் கடைக்காரர் என் தலையை வெட்டி, கறுப்பு அங்கி போட்ட வேறு ஒரு பெண்ணின் உடம்பில் வைத்திருந்தார். அந்தப் பெண் நல்ல சிவப்பு. கழுத்துக்கு மேலே தொண்டூர், கீழே வேறு ஏதோ தேசம். அடியில் சொந்தக்காரர்கள் பதினாலு பேர். நைனாவைவிடப் பெரிதாக, கறுப்புக் கண்ணாடியோடு செந்தில். அவன் பேருக்குக் கீழே 'வழிகாட்டி' என்று இருந்தது. மூலையில் சின்னதாக ஒரு வட்டத்துக்குள் தேவி. 'தோழி தேவி பி.ஏ.' நைனா ஆசையாகப் போட்டது.

ரிசல்ட் அன்று காலையிலேயே எல்லாரும் பேனருக்குக் கீழே கூடிவிட்டார்கள். நைனா அழைத்ததால் தேவியும் அவள் மாமாவும் வந்திருந்தார்கள். அம்மா ஜாங்கிரி டப்பாவோடு நின்றார். செஞ்சி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பேனரைப் படித்துவிட்டு, "பட்டதாரி யாரு, ஏறுதா இல்லையா?" என்றார். "அவ இன்னிக்கி பஸ் ஏறமாட்டா" என்று நைனா அவருக்கும் ஒரு ஜாங்கிரி கொடுத்தார்.

செந்தில் போனை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு தேர்தல் முடிவு மாதிரி வாசித்தான். "சமூக மாற்றம், பாஸ். ஊரக சமூகவியல், பாஸ். கள ஆய்வு, பாஸ்." ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அப்புறம் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"இன்னாடா?" என்றார் நைனா.

"நின்னுடுச்சு சித்தப்பா."

"எது, நெட்டா?"

"டிகிரி."

முதல் வருஷத்துத் தாள் ஒன்றை முடிக்காததால் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. தேவியின் நம்பரைப் போட்டான். அதே வரி. அதே தாள்.

தேவியின் மாமா சத்தம் போடவில்லை. பேனரில் இருந்த அவள் படத்தைப் பார்த்தார். "மூணு வருஷம் ஆயிடுச்சு இல்லம்மா?" என்றார். தேவி, "ஆயிடுச்சு மாமா" என்றாள். இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள், அனந்தபுரம் போகிற வழிக்கு. பஸ் வர அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும் நான் பேனருக்குக் கீழே நின்றேன். பேசு பேசு என்று எப்போதும் பேசுகிற வாய். ரோட்டைக் கடந்து போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் மேடத்திடம் போனேன். அவர் மார்க்குகளைப் பார்த்துவிட்டு, "எல்லாப் பேப்பர்லயும் நல்ல மார்க். பிளாஸ்டிக்கைப் பத்தி நாலு வரி எழுதுற சுற்றுச்சூழல் பேப்பர்ல ஆளே வரலை. என்ன யோசனைல இருந்த?" என்றார். செந்தில் படித்த காலத்தில் அது காலேஜ் அளவில் வைக்கும் டெஸ்ட்தானாம். நாங்கள் சேர்ந்த வருஷம் சிலபஸ் மாறிவிட்டது. "கையேட்டுல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே" என்றார். டிவி ஸ்டாண்ட் கண் முன்னால் வந்தது.

வீட்டுக்கு வந்து செந்திலைப் பிடித்தேன். அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"பின்னாடி எழுதியிருந்தேனே மலரு. தாளுக்குப் பின்பக்கம், தேதி கட்டத்துக்கு ஓரமா. 'சிலபஸ் மாறலாம், ஆபீசுல கேட்டுக்கோ'ன்னு. நீ பாக்கலயா?"

எல்லாரும் சுவரைப் பார்த்தோம்.

தண்ணீர் தெளித்தேன். வெந்நீர் ஊற்றினேன். தோசைத் திருப்பியால் சுரண்டினேன். என் பசை நான் காய்ச்சின மாதிரியே இருந்தது. வெள்ளைப் பக்கம் பட்டை பட்டையாகக் கையோடு வந்தது. பின்பக்கம் சுவரிலேயே தங்கிவிட்டது, அதுவும் நார் நாராக. ஒரு மூலையில் நீலமாக ஏதோ தெரிந்தது. "எழுத்து மாதிரிதான் இருக்குது" என்றார் அம்மா. "ராகுகாலம் போட்டிருப்பான்" என்றார் நைனா. "அதான், அதான் நான் எழுதினது" என்றான் செந்தில். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அதுவும் போனது.

அந்த வருஷ ஆவணியிலேயே தேவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மேல்மலையனூரில் கோயில் வாசலில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடை ஏறி அவள் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றேன். அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். "மலரு, பிளான்ல இது எந்த செமஸ்டரு?"

அந்தப் போட்டோவில் நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.

அரியர் பரீட்சைக்கு அவளுக்கும் சேர்த்து நானே படிவம் நிரப்பினேன். ஹால் டிக்கெட் வந்தது. தேதியைப் பார்த்தேன், பேப்பரைப் பார்த்தேன், ஒன்றுக்கு மூன்று முறை. பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. நேரில் போய்க் கூட்டிவரலாம் என்று தேவிக்குத் தேதியைச் சொல்லவும் இல்லை. பரீட்சை அன்று விடிந்ததும் அவளைக் கூட்டிப்போக மேல்மலையனூர் பஸ் ஏறப் போனால், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. வரிசையாக ஸ்பெஷல் பஸ். அமாவாசை.

மேல்மலையனூரில் அமாவாசை என்றால் அந்தக் கடைக்காரர்களுக்கு அந்த மாதமே அந்த ஒரு நாள்தான். தேவி எலுமிச்சம்பழக் கூடைக்கும் கற்பூரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம், முன்னால் நூறு கை. நான் ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அந்த நூறு கையில் என் கையும் ஒன்று.

"இன்னிக்கா?" என்றாள்.

"பத்து மணிக்கு. இப்ப கெளம்பினாகூடப் புடிச்சிடலாம் தேவி."

மாமியார், "இன்னா பாப்பா, இன்னிக்கிப் போயி கூப்புடுற?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். தேவி ஹால் டிக்கெட்டை வாங்கினாள். இரண்டாக மடித்து, எலுமிச்சம்பழக் கூடைக்கு அடியில் செருகினாள். "காத்துல பறக்காம இருக்கட்டும். நீ போயி எழுது, லேட்டாவுது" என்றாள். அப்புறம் யாரோ, "அம்மா, கற்பூரம்" என்றார்கள். அவள் திரும்பிவிட்டாள்.

நான் போய் எழுதினேன். பாஸ். எனக்கு ஒரு வருஷம் போனது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் மேலே படித்து, இப்போது திண்டிவனம் பக்கம் பெண்களுக்கான உதவி மையத்தில் வேலை பார்க்கிறேன். தேவிக்கு இரண்டு பிள்ளைகள். அந்த ஒரு பேப்பர் இன்னும் நிற்கிறது.

வீட்டில் இது இப்போது சிரிப்பாகிவிட்டது. யாராவது வெளியே கிளம்பினால், "பிளான்ல இருக்குதா?" என்று கேட்பார்கள். பேனரை நைனா தூக்கிப் போடவில்லை, கெட்டி பிளக்ஸ். களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயும்போது மழை வந்தால், "பட்டதாரிய இழுத்துப் போத்துங்கடி" என்று கத்துவார். நானே எத்தனையோ முறை என் முகத்தை இழுத்து மல்லாட்டையைப் போர்த்தியிருக்கிறேன். என் மூக்கை எலி தின்றுவிட்டது. செந்திலின் கறுப்புக் கண்ணாடி மட்டும் பளபளவென்று அப்படியே இருக்கிறது. மூலையில் இருந்த வட்டம் வெளுத்துவிட்டது. உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

போன வாரம் காலேஜ் ஆபீசுக்குப் போனேன். ஆமாம், அதே கவுண்டர். சேரில் வேறு ஆள். பழைய மாணவர்களுக்கு எப்போதாவது சிறப்பு வாய்ப்பு விடுவார்களாம், அடுத்த முறை விடும்போது எழுதலாம் என்றார். பதில் வாங்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் மூன்று வருஷம் நான் செலவழிக்கவில்லை.

நேராக மேல்மலையனூர் போய்த் தேவியிடம் சொன்னேன். "எழுதறேன். ஆனா ஒண்ணு, உங்க அண்ணன் பின்னாடி எழுதினாரா இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரியணும்" என்றாள்.

என் பங்கை நான் மறைக்கவில்லை. ஹால் டிக்கெட் தப்பு, பிளான் சரி என்று சொன்னவள் நான். அவளை ஆபீசுக்குப் போகவிடாமல் தடுத்தவள் நான். பசை காய்ச்சியவளும் நான். என் பேரைப் போட்டு, ஊர் படிக்க எழுதிவிட்டேன்.

செந்தில் அண்ணா, இனி உன் பங்கு. ஞாயிற்றுக்கிழமை தேவியும் நானும் முன்வரிசையில் இருப்போம். அவள் கடையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறாள். அன்று அமாவாசை இல்லை, காலண்டரில் பார்த்துவிட்டேன். தாளின் இரண்டு பக்கமும் பார்த்தேன். உனக்கு முன்னால் பிளஸ் டூ பிள்ளைகள் உட்கார்ந்து, நீ சொல்வதை நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு முதல் செமஸ்டரைச் சொல்வதற்கு முன்னால், மைக்கைப் பிடித்து, தேவியைப் பார்த்து, ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். எனக்கு வேண்டாம், அவளுக்குச் சொல்.

அந்தத் தாளின் பின்பக்கம் நீ எழுதினாயா, இல்லையா?